அளந்தவரே தராசில் ஏறியபோது: ரெய்ன் தாகெபெராவின் அரசியலும் ஆய்வும்

1992 செப்டம்பர் 20 அன்று எஸ்டோனியக் குடிமக்கள் இரண்டு வாக்குச் சீட்டுகளோடு வாக்குச் சாவடிக்குள் நுழைந்தனர். ஒன்று 101 இடங்கள் கொண்ட ரீகிகோகு என்னும் நாடாளுமன்றத்துக்கு, மற்றொன்று குடியரசுத் தலைவர் பதவிக்கு. சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுபட்டு ஓராண்டே ஆகியிருந்த நாட்டுக்கு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுதந்திர நாடாக நடத்திய முதல் பொதுத்தேர்தல் அது. தலைவர் பதவிக்கு நால்வர் நின்றனர். சோவியத் காலத்திலேயே நாட்டின் தலைமைப் பதவியில் அமர்ந்து, பின்னர் விடுதலையின் பக்கம் சாய்ந்த ஆர்னோல்ட் ரூட்டெல் ஒருவர். எழுத்தாளரும் ஆவணப்பட இயக்குநரும் முன்னாள் வெளியுறவு அமைச்சருமான லென்னார்ட் மெரி மற்றொருவர். சோவியத் ஆட்சியில் சிறை சென்ற லாக்லெ பாரெக் மூன்றாமவர். நான்காமவர் கலிஃபோர்னியாவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பேராசிரியராகப் பணியாற்றிவிட்டுத் திரும்பியிருந்த, அப்போது 59 வயதான ரெய்ன் தாகெபெரா.

செல்லுபடியான வாக்குகளில் ரூட்டெலுக்கு ஏறத்தாழ 42 விழுக்காடும், மெரிக்கு 30 விழுக்காடும், தாகெபெராவுக்கு 24 விழுக்காடும், பாரெக்குக்கு 4 விழுக்காடும் கிடைத்தன. எவரும் பாதியைத் தாண்டாததால், அந்த ஒரு முறைக்கென வகுக்கப்பட்டிருந்த விதிப்படி முடிவு புதிய ரீகிகோகுவின் கைக்குப் போயிற்று. அக்டோபர் 5 அன்று முதல் இருவருக்கிடையே அது வாக்களித்தது. மெரிக்கு 59, ரூட்டெலுக்கு 31. மக்கள் வாக்கில் முதலில் வந்தவர் தோற்றார், இரண்டாவதாக வந்தவர் தலைவரானார்.

மூன்றாவதாக வந்தவர் பின்னாளில் ஒன்றை ஒப்புக்கொண்டார். வெல்வது தம் நோக்கமே அல்ல, ரூட்டெலுக்குப் போகக்கூடிய வாக்குகளில் ஒரு பங்கைத் தம் பக்கம் இழுத்து மெரியின் வாய்ப்பைக் கூட்டுவதே நோக்கம் என்றார் அவர். வாக்கைப் பிரிப்பதற்காகவே ஒருவரை நிறுத்துவது நமக்குப் பழகிய உத்தி. ஆனால் இங்கே பிரிக்க நின்றவர் எவராலும் நிறுத்தப்பட்ட பொம்மை அல்லர். வாக்குகள் எப்படி இடங்களாக மாறுகின்றன, கட்சிகள் எப்படிப் பெருகிச் சுருங்குகின்றன என்பதைக் கணிதமாக எழுதியவர்களில் உலகின் முன்வரிசையில் நின்றவர். அளவுகோல் செய்தவரே அளக்கப்படும் பொருளாகவும் மாறிய இரண்டு தருணங்கள் அவர் வாழ்வில் உண்டு. ஒன்று 1992. மற்றொன்று 2001இல் அவர் தலைமையேற்றுத் தொடங்கிய ரெஸ் புப்ளிகா என்ற கட்சி. அவ்விரண்டையும் அவருடைய அளவுகோல்களைக் கொண்டே அளந்து பார்ப்பது இக்கட்டுரையின் வேலை.

தார்த்துவிலிருந்து அர்வைன் வரை

தாகெபெரா 1933 பிப்ரவரி 28 அன்று எஸ்டோனியாவின் பல்கலைக்கழக நகரமான தார்த்துவில் பிறந்தார். 1944இல் செம்படை மீண்டும் நாட்டுக்குள் நுழைந்தபோது பல்லாயிரக்கணக்கானோர் கடல் வழியாகவும் தரை வழியாகவும் மேற்கே தப்பிச் சென்றனர். பதினொரு வயதுச் சிறுவனான அவரும் அக்கூட்டத்தில் ஒருவர். ஜெர்மனியைக் கடந்து, அப்போது பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த மொரோக்கோவில் குடும்பம் கரையேறியது. அவர் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தது மராகேஷ் நகரில். பால்டிக் கடலோரத்துப் பிள்ளை ஒருவர் சகாராவின் விளிம்பில் பள்ளி முடித்ததைப் போர் செய்த கோலம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்து கனடா. டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டத்தை 1959இலும், இயற்பியல் முதுகலையை 1961இலும் பெற்றார். 1965இல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகம் திண்மநிலை இயற்பியலில் அவருக்கு முனைவர் பட்டம் அளித்தது. தொழில் நிறுவனத்தில் ஆய்வாளராக வேலை பார்த்துக்கொண்டே, 1969இல் அதே பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு உறவுகளில் மற்றொரு முதுகலையை முடித்தார். மறு ஆண்டே கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் அரசியல் அறிவியல் துறைக்கு மாறிவிட்டார். முப்பத்தேழு வயதில் துறையையே மாற்றிக்கொண்டவர், இயற்பியலில் பழகிய ஒரு வழக்கத்தை மட்டும் விட்டுவரவில்லை. ஓர் அளவு ஏன் அந்த அளவாக இருக்கிறது என்று கேட்காமல் அவரால் எந்த எண்ணையும் கடந்து போக முடியவில்லை.

புலம்பெயர்ந்த எஸ்டோனியர் என்ற முறையில் தாயகத்தைப் பற்றியும் அவர் விடாமல் எழுதினார். வரலாற்றாசிரியர் ரோமுவால்டாஸ் மிசியூனாஸோடு சேர்ந்து எழுதி 1983இல் வெளிவந்த, சோவியத் பிடியிலிருந்த பால்டிக் நாடுகளின் வரலாற்று நூல், அப்பொருளில் மேற்கத்திய வாசகர்கள் முதலில் கையிலெடுக்கும் நூல்களில் ஒன்றாயிற்று. பேரரசுகளின் பரப்பளவு நூற்றாண்டுகளினூடே எப்படி வளர்ந்து தேய்ந்தது என்று அவர் கணக்கிட்ட வரிசையில் மௌரியர்களும் உண்டு. பண்டைய அரசுகளின் பரப்பளவு பற்றி இன்று இணையத்தில் உலவும் பட்டியல்கள் பல அவருடைய அட்டவணைகளிலிருந்து எடுக்கப்பட்டவை.

அளவுகோல்கள்

ஒரு நாடாளுமன்றத்தில் எத்தனை கட்சிகள் உள்ளன என்ற கேள்விக்கு விடை எளிதுபோலத் தோன்றும். 1992இல் அமைந்த ரீகிகோகுவையே எடுத்துக்கொள்வோம். இசாமா கூட்டணிக்கு 29 இடங்கள், கிண்டெல் கோது கூட்டணிக்கு 17, மக்கள் முன்னணிக்கு 15, மிதவாதிகளுக்கு 12, தேசிய விடுதலைக் கட்சிக்கு 10, மன்னராட்சி ஆதரவாளர்களுக்கு 8, எஸ்டோனியக் குடிமகன் அணிக்கு 8, பசுமைக் கட்சிக்கு 1, தொழில்முனைவோர் கட்சிக்கு 1. எண்ணினால் ஒன்பது. ஆனால் 29 இடங்கள் உள்ள அணியையும் ஒற்றை உறுப்பினர் உள்ள அணியையும் ஒரே எடையில் எண்ணுவது, யானையையும் அணிலையும் 'இரண்டு விலங்குகள்' என்று கணக்கெழுதுவதைப் போன்றது. சிறியவற்றைத் தள்ளிவிடலாம் என்றால் எந்த அளவுக்குக் கீழே தள்ளுவது என்ற தகராறு எழும்.

1979இல் ஃபின்லாந்தைச் சேர்ந்த மார்க்கு லாக்ஸோவும் தாகெபெராவும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு வழி சொன்னது. ஒவ்வொரு கட்சியின் பங்கையும் அதே பங்கால் பெருக்கி, வந்தவற்றைக் கூட்டி, அக்கூட்டுத்தொகையால் ஒன்றை வகுத்தால் கிடைப்பதே பயனுறு கட்சி எண்ணிக்கை. இம்முறையில் ஒவ்வொரு கட்சிக்கும் அதன் பங்கே அதன் எடையாகிவிடுவதால், எதைச் சேர்ப்பது எதைத் தள்ளுவது என்று ஆய்வாளர் தம் விருப்பப்படி முடிவெடுக்க வேண்டியதில்லை. மேற்சொன்ன ஒன்பது அணிகளின் இடங்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் 1,729 வரும். 101இன் வர்க்கமான 10,201ஐ அதனால் வகுத்தால் 5.9. பெயரளவில் ஒன்பது அணிகள் இருந்த அவை, சம பலமுள்ள ஏறத்தாழ ஆறு கட்சிகள் இருக்கும் அவையைப் போலத்தான் நடந்துகொள்ளும் என்பது இதன் பொருள். (கணிதம் தெரிந்த வாசகர் 1,729 என்ற எண்ணைக் கண்டதும் ராமானுஜனையும் வாடகைக் காரையும் நினைத்துக்கொள்வார். அது தற்செயல்தான்.) ஒப்பீட்டு அரசியல் பயிலும் மாணவர் எந்த நாட்டில் இருந்தாலும் இன்று இந்தக் கணக்கைப் போடாமல் பட்டம் பெறுவது அரிது.

அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1972இல், நாடாளுமன்றங்களின் அளவைப் பற்றி அவர் எழுதியிருந்தார். ஒரு நாட்டின் மக்கள்தொகைக்கு எத்தனை உறுப்பினர்கள் பொருந்துவர்? உறுப்பினர்கள் குறைவாக இருந்தால் ஒவ்வொருவரும் கேட்டுப் பதில் சொல்ல வேண்டிய தொகுதி மக்களின் எண்ணிக்கை பெருகும். அதைக் குறைக்க உறுப்பினர்களைக் கூட்டினால், அவைக்குள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வேண்டிய இணைப்புகள் பெருகும். நூறு பேர் உள்ள அவையில் 4,950 இணைகள் இருந்தால், இருநூறு பேர் உள்ள அவையில் அது 19,900 ஆகிவிடும். இந்த இரு சுமைகளின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக அமையும் புள்ளியைக் கணக்கிட்டால், உறுப்பினர் எண்ணிக்கை மக்கள்தொகையின் கனமூலத்தை ஒட்டி வருகிறது. 1992இல் ஏறத்தாழ 15 லட்சம் மக்கள் இருந்த எஸ்டோனியாவுக்கு இந்த விதி தரும் எண் 114 அல்லது 115. அந்நாடு வைத்துக்கொண்டது 101. வேறு நாட்டுக்காக எழுதப்பட்டது போன்ற தொலைவில் இல்லை.

இந்தக் கணக்குகளில் என்னை மிகவும் கவர்வது அவற்றின் விடைகள் அல்ல, அவை தொடங்கும் இடம். ஒரு தொகுதியில் 9 இடங்கள் இருந்தால் அங்கே எத்தனை கட்சிகள் வெல்லும்? ஒன்றுக்குக் குறைவாக முடியாது. ஒன்பதுக்கு மேலும் முடியாது. வேறு எந்தத் தகவலும் கையில் இல்லாதபோது இரு எல்லைகளின் பெருக்குச் சராசரியை எடு (இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் காண்), விடை 3 என்பார் தாகெபெரா. அறியாமையையே ஒரு கருவியாக்குவது இது. நமக்குத் தெரியாததை மறைத்து ஒரு கோட்பாட்டைக் கட்டுவதற்குப் பதிலாக, தெரிந்த எல்லைகள் மட்டுமே எவ்வளவு சொல்லும் என்று முதலில் பார்ப்பது. இதே வழியில் படிப்படியாக நகர்ந்து, ஒரு நாட்டின் மொத்த இடங்களைத் தொகுதி ஒன்றுக்கான இடங்களால் பெருக்கி, அதன் ஆறாம் படிமூலத்தை எடுத்தால் பயனுறு கட்சி எண்ணிக்கை கிடைக்கும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். அமெரிக்க அரசியல் அறிவியலாளர் மாத்யூ ஷுகார்ட்டோடு சேர்ந்து அவர் அதைப் பின்னர் மேலும் விரித்தார். தொகுதிக்கு ஒருவர், மொத்தம் 650 பேர் என்றமைந்த பிரிட்டனுக்கு இந்தக் கணக்கு 2.9 என்று சொல்லும். 2010, 2015, 2017 தேர்தல்களுக்குப் பின் அங்கு உண்மையில் இருந்தது 2.5ஐ ஒட்டிய எண். கட்சிகளின் பெயரோ கொள்கையோ வரலாறோ எதையும் கேட்காமல் இரண்டே எண்களை வைத்துக்கொண்டு இவ்வளவு அருகில் வருவது சிறிய செய்தி அல்ல.

ஒரு வேடிக்கையும் உண்டு. அவருடைய சொந்த நாடு இந்த எளிய வாய்பாட்டுக்குள் நேராக அடங்காது. எஸ்டோனியாவில் வேட்பாளர் தனி வாக்கால் வெல்லும் இடங்கள், தொகுதிப் பட்டியலால் வெல்லும் இடங்கள், தொகுதிகளில் நிரம்பாமல் எஞ்சி, நாடளாவிய ஈட்டுப் பட்டியலால் கிடைக்கும் இடங்கள் என்று மூன்று அடுக்குகள் உள்ளன. ஈட்டு இடங்களைப் பகிர்வதற்கோ கட்சிகளின் வாக்குகளை வகுக்கும் 1, 2, 3 என்ற எண்களை 0.9 அடுக்குக்கு உயர்த்திய ஒரு திருத்தப்பட்ட முறை கையாளப்படுகிறது. 12 தொகுதிகள், 101 இடங்கள் என்று மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 3.1 வருகிறது. உண்மை நிலை எப்போதும் அதைவிட உயரத்தில்தான் இருந்துள்ளது. எளிய முறைகளுக்கே தம் வாய்பாடு என்று அவரே வரம்பு கட்டியிருப்பதால் இதைக் குற்றமாகச் சொல்ல முடியாது.

சக ஆய்வாளர்கள்மீது அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. அதை 2008இல் சமூக அறிவியலை மேலும் அறிவியலாக்குவது பற்றிய நூலாகவே எழுதினார். நியூட்டனின் ஈர்ப்பு விதியிலிருந்து எண்களை உண்டாக்கி, அவை எதைக் குறிக்கின்றன என்று சொல்லாமல் சமூக அறிவியலாளர்கள் சிலருக்கு அனுப்பிவைத்தார். துறையில் வழக்கமான, தரவுக்குச் சமன்பாடு பொருத்திப் பார்க்கும் தொடர்புப் போக்குப் பகுப்பாய்வு (ரெக்ரஷன்) அந்த எண்களுக்குள் ஒளிந்திருக்கும் விதியைக் கண்டுபிடிக்கிறதா என்பதே சோதனை. எண்களோடு நன்றாகப் பொருந்தும் சமன்பாடுகள் வந்தன, விதி வரவில்லை. தரவுக்குப் பொருந்துவது வேறு, தரவு ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்வது வேறு என்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்டிய சோதனையை நான் படித்ததில்லை. துறையில் பலரை இது எரிச்சலூட்டியது என்பதில் வியப்பில்லை.

முதல் தருணம்: 1992

1991இல் எஸ்டோனியா விடுபட்டபோது, தார்த்துப் பல்கலைக்கழகம் புதிதாகத் தொடங்கிய சமூக அறிவியல் பள்ளிக்கு அவர் நிறுவன முதல்வராக வந்தார். மார்க்சிய லெனினியப் பாடம் மட்டுமே அரசியல் கல்வியாக இருந்த இடத்தில் அரசியல் அறிவியலை அடித்தளத்திலிருந்து கட்ட வேண்டியிருந்தது. அப்பள்ளி 1994இல் முழுமையான புலமாக உருப்பெற்றது. அவர் 1998 வரை அங்கு அரசியல் அறிவியல் பேராசிரியராக இருந்தார். புதிய அரசியலமைப்பை வகுத்த பேரவையிலும் பணியாற்றினார்.

அந்த அரசியலமைப்பு குடியரசுத் தலைவரை நாடாளுமன்றமே தேர்ந்தெடுக்கும் என்றது. முதல் தேர்தலுக்கு மட்டும் விலக்கு: மக்கள் நேரடியாக வாக்களிக்கலாம், பாதிக்கு மேல் எவரும் பெறாவிட்டால் ரீகிகோகு தீர்மானிக்கும். தாகெபெராவின் கணக்கு இந்த விதியில்தான் தொங்கியது. சாதாரணமாக வாக்கைப் பிரிப்பவர் ஒருவரைத் தோற்கடிக்க வேண்டுமென்றால் அவரை இரண்டாமிடத்துக்குத் தள்ள வேண்டும். இங்கே அது தேவையில்லை. ரூட்டெலைப் பாதிக்குக் கீழே நிறுத்தினாலே போதும், மீதியை நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளும்.

முடிவை அவருடைய வழியிலேயே அளப்போம். 42, 30, 24, 4 என்ற பங்குகளை வர்க்கப்படுத்திக் கூட்டித் தலைகீழாக்கினால் பயனுறு வேட்பாளர் எண்ணிக்கை 3.1. தாகெபெரா வெறும் பெயருக்கு நிற்கவில்லை, மூன்றாவது முழு ஆளாக நின்றார் என்கிறது எண். ரூட்டெலுக்குப் பாதியை எட்ட எட்டு விழுக்காடுதான் தேவைப்பட்டது. தாகெபெரா பெற்ற 24 விழுக்காட்டில் மூன்றில் ஒரு பங்கு அது. அவர் நிற்காமல் இருந்து, அவருடைய வாக்காளர்களில் மூவரில் ஒருவர் கூடுதலாக ரூட்டெலின் பக்கம் போயிருந்தாலே முதல் சுற்றிலேயே முடிவு தெரிந்திருக்கும். அவரை முன்மொழிந்தது முன்னாள் பிரதமர் எட்கர் சாவிசாரின் மக்கள் முன்னணி என்பதையும் கருத வேண்டும். தீவிர தேசியவாதிகளைக் கண்டு தயங்கிய மிதமான வாக்காளர்களின் பாசறை அது. அந்த வாக்காளர்களுக்கு மெரியைவிட ரூட்டெல் நெருக்கமானவராகத் தோன்றியிருக்க இடமுண்டு. ஆகவே கணக்கு பலித்தது என்றே நான் நினைக்கிறேன். இரண்டாம் படியும் அவர் எதிர்பார்த்தபடியே நடந்தது. இசாமா 29, மிதவாதிகள் 12, தேசிய விடுதலைக் கட்சி 10 ஆகிய மூன்றும் சேர்ந்தால் 101இல் 51. மெரிக்குக் கிடைத்த 59இன் முதுகெலும்பு அதுதான்.

இதில் உறுத்தும் ஒன்றும் இருக்கிறது. ஏறத்தாழ ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேர் தாகெபெராவுக்கு வாக்களித்தனர். அவர் தலைவராவார் என்ற நம்பிக்கையோடு வாக்களித்தவர்கள் அவர்களில் பெரும்பாலோராக இருக்க வேண்டும். அவர்களுடைய வாக்கு அவருடைய சமன்பாட்டில் ஒரு மாறியாக நின்றுவிட்டது. விளைவு நாட்டுக்கு நல்லதாகவே முடிந்தது என்று வாதிடலாம். மெரி இரண்டு பதவிக் காலங்கள் தலைவராக இருந்து, ரஷ்யப் படைகள் 1994இல் வெளியேறியதை ஒப்பந்தத்தால் உறுதிப்படுத்தியவர். ஆனாலும் பேராசிரியரின் நேர்மையைப் போற்றுபவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். பின்னர் ஒப்புக்கொண்டது நேர்மைதான். முன்னரே சொல்லியிருந்தால் கணக்கு பலித்திருக்காது.

இரண்டாம் தருணம்: ரெஸ் புப்ளிகா

2001இல் எஸ்டோனிய அரசியல்மீது மக்களுக்குக் கடும் சலிப்பு. அந்த ஆண்டு ஏப்ரலில் சமூக அறிவியலாளர்கள் இருபத்தாறு பேர் நாட்டில் இரண்டு எஸ்டோனியாக்கள் உருவாகிவிட்டன, வென்றவர்களின் நாடு ஒன்று, பின்தங்கியவர்களின் நாடு மற்றொன்று என்று பகிரங்கமாக எச்சரித்தனர். செப்டம்பரில், நாடாளுமன்றத்தால் எவரையும் தேர்ந்தெடுக்க முடியாதபோது கூடும் தேர்வுக் குழு குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது வேறு எவரையும் அல்ல, 1992இல் தோற்ற அதே ரூட்டெலை. ஆண்டு முடிவதற்குள் பிரதமர் மார்ட் லாரின் மூன்று கட்சிக் கூட்டணி ஆட்டம் கண்டது. 2002 ஜனவரியில், அதுவரை எதிரெதிராக நின்ற சீர்திருத்தக் கட்சியும் சாவிசாரின் மையக் கட்சியும் கைகோத்து ஆட்சி அமைத்தன. யாருக்கு வாக்களித்தாலும் யாரோடு யார் சேர்வார்கள் என்று தெரியாத நிலை.

ரெஸ் புப்ளிகா என்பது 1989 முதல் இருந்துவந்த இளைஞர் அரசியல் மன்றம் ஒன்றின் பெயர். 2001 டிசம்பரில் அது கட்சியாயிற்று. கட்சியைப் பதிவு செய்ய ஆயிரம் உறுப்பினர்கள் வேண்டும் என்று சட்டம் இருந்தது. உறுப்பினர்களைவிடப் பெரிய குறை வேறொன்று: அவர்கள் எல்லோரும் இளைஞர்கள், நாட்டுக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. எந்தப் பழைய கட்சியின் கறையும் படியாத, வயதிலும் அறிவிலும் எவரும் மதிக்கும் ஒருவர் தேவைப்பட்டார். அறுபத்தெட்டு வயதான தாகெபெரா தலைமையை ஏற்றார். நீண்ட நாளைக்கு இல்லை. 2002 ஆகஸ்டில் நாட்டின் தலைமைத் தணிக்கையாளர் பதவியிலிருந்து வந்த யுஹான் பார்ட்ஸிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டார்.

2003 மார்ச் 2 தேர்தலில் இக்கட்சியின் முழக்கம் 'வலி கோர்த்'. எஸ்டோனிய மொழியில் அதை 'ஒழுங்கைத் தேர்ந்தெடு' என்றும் 'கண்டிப்பான ஒழுங்கு' என்றும் இரு விதமாகப் படிக்கலாம். 24.6 விழுக்காடு வாக்குகளும் 28 இடங்களும் கிடைத்தன. 25.4 விழுக்காடு பெற்ற மையக் கட்சிக்கும் அதே 28. சீர்திருத்தக் கட்சி 19, மக்கள் ஒன்றியம் 13, இசாமா 7, மிதவாதிகள் 6. பிறந்து பதினைந்து மாதமே ஆன கட்சி, சீர்திருத்தக் கட்சியையும் மக்கள் ஒன்றியத்தையும் சேர்த்துக்கொண்டு 60 இடங்களோடு ஆட்சி அமைத்தது. பார்ட்ஸை அரசு அமைக்க அழைத்தவர் குடியரசுத் தலைவர் ரூட்டெல். எதிரே பெரிய எதிர்க்கட்சியாக அமர்ந்தவர் சாவிசார். 1992இல் தாகெபெரா யாருடைய வாக்கைப் பிரித்தாரோ அவர் கையால் பதவி, யாருடைய முன்னணி அவரை முன்மொழிந்ததோ அவரோடு மோதல். சிறிய நாடு என்பதால் இந்தப் பாத்திரங்கள் ஒரே மேடையில் திரும்பத் திரும்ப வந்துபோகிறார்கள்.

இனி கணக்கு. புதுக் கட்சி ஒன்று வந்தால் கட்சிகளின் எண்ணிக்கை கூடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பர். 1999இல் அமைந்த அவையில் ஏழு கட்சிகள்: மையக் கட்சி 28, சீர்திருத்தம் 18, இசாமா 18, மிதவாதிகள் 17, நாட்டுப்புற மக்கள் கட்சி 7, கூட்டணிக் கட்சி 7, ஐக்கிய மக்கள் கட்சி 6. பயனுறு எண்ணிக்கை 5.5. 2003இல் ரெஸ் புப்ளிகா நுழைந்தபின் 4.7. புதியவர் வந்து வீடு சுருங்கிவிட்டது. எங்கிருந்து வந்தன அந்த 28 இடங்கள் என்று பார்த்தால் விளங்கும். இசாமா 11ஐயும் மிதவாதிகள் 11ஐயும் இழந்தனர். கூட்டணிக் கட்சியின் 7உம் ஐக்கிய மக்கள் கட்சியின் 6உம் முழுதாகப் போயின. ஆக 35. நாட்டுப்புற மக்கள் கட்சியின் வழிவந்த மக்கள் ஒன்றியம் 6ஐயும் சீர்திருத்தக் கட்சி 1ஐயும் கூட்டிக்கொண்டன. மீதி 28. மையக் கட்சியிடமிருந்து நிகரமாக ஓர் இடம்கூடப் போகவில்லை. சாவிசாருக்கு மாற்று என்று சொல்லி வந்த கட்சி சாவிசாரைத் தொடவேயில்லை, தன் பக்கத்துக் கட்சிகளைத்தான் துடைத்தெடுத்தது. இடங்களின் நிகரக் கணக்கு மட்டுமே இது, வாக்காளர் ஒவ்வொருவரும் எங்கிருந்து எங்கே போனார் என்று இதனால் சொல்ல முடியாது. ஆனாலும் பின்னால் வந்த சரிவின் விதை இந்தக் கூட்டல் கழித்தலிலேயே தெரிகிறது. கொள்கையால் பிடித்துவைத்த இடம் அல்ல அது. பக்கத்துக் கட்சிகள்மீது மக்களுக்கு வந்த வெறுப்பு கொட்டிவிட்டுப் போன இடம்.

ஆட்சி ஈராண்டுகூட நிறையவில்லை. 2004 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு நடந்த முதல் தேர்தலில் எஸ்டோனியாவின் ஆறு இடங்களில் ஒன்றுகூடப் பிரதமரின் கட்சிக்குக் கிடைக்கவில்லை. செப்டம்பரில் லிஹுலா என்ற சிற்றூரில், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியச் சீருடை அணிந்த எஸ்டோனிய வீரரைக் காட்டும் நினைவுக் கல்லை அரசு பாரந்தூக்கியோடும் காவலர்களோடும் வந்து அகற்றியது. கல்லை ஆதரிக்காதவர்கள்கூட அகற்றிய விதத்தைக் கண்டு கொதித்தனர். 'கண்டிப்பான ஒழுங்கு' என்ற முழக்கத்தின் இரண்டாவது பொருள் அன்று இரவு மக்களுக்குப் புரிந்தது.

இறுதி அடி ஓர் எண் வடிவில் வந்தது. நீதித்துறை அமைச்சர் கென்-மார்த்தி வாஹெரின் ஊழல் ஒழிப்புத் திட்டத்தில், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆண்டுக்கு எத்தனை அதிகாரிகள்மீது வழக்குத் தொடர வேண்டும் என்று இலக்கு குறிக்கப்பட்டிருந்தது. ஸ்டாலின் காலத்தில் கைது செய்யவும் நாடு கடத்தவும் மாவட்டவாரியாக எண்ணிக்கை ஒதுக்கப்பட்டதை மறக்காத சமூகம் அது. 2005 மார்ச்சில் ரீகிகோகு அமைச்சர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை நிறைவேற்றியது. மூன்று நாளில் பார்ட்ஸ் பதவி விலகினார். எண்களின் மீது அவ்வளவு கவனம் கொண்டிருந்த ஒருவர் தொடங்கிய கட்சியின் அரசு ஓர் எண் பட்டியலால் கவிழ்ந்ததைக் குரூரமான வேடிக்கை என்று கடந்து போகலாம். எனக்கோ இது அவருடைய வாதத்தையே மறுபக்கத்திலிருந்து காட்டுவதாகத் தோன்றுகிறது. தாகெபெராவின் எண்கள் நடந்ததை அளப்பவை, ஏன் நடந்தது என்று விளக்க முயல்பவை. அமைச்சரின் எண்கள் நடக்க வேண்டியதை முன்கூட்டியே நிர்ணயித்தவை, அந்த எண் ஏன் என்பதற்கு விளக்கம் இல்லாதவை.

தன் கட்சிக்குத் தானே எழுதிய அறிக்கை

கட்சி சரிந்த மறு ஆண்டே, 2006இல், 'டெமாக்ரடைசேஷன்' என்ற ஆய்விதழில் தாகெபெரா அதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். எரிநட்சத்திரத்தின் பாதை என்னும் பொருளில் தலைப்பு. நிறுவனத் தலைவராக இருந்தவர் பொதுவாகச் செய்வது நினைவுக் குறிப்பு எழுதித் தம் பங்கைக் காப்பது, அல்லது பேசாமல் இருந்துவிடுவது. இவர் வேறு நாடுகளில் முளைத்து மறைந்த புதுக் கட்சிகளோடு தம் கட்சியையும் ஒரு மாதிரியாக வரிசையில் வைத்து, எவ்வளவு வேகத்தில் எழுந்தது, எவ்வளவு வேகத்தில் விழுந்தது, அதற்கு என்ன தர்க்கம் என்று எழுதினார். இப்படிச் செய்பவர் தம் பிழையைத் தாமே அளக்கும்போது கை நடுங்காமல் இருக்குமா என்று வாசகர் ஐயப்படலாம். எனக்கும் அந்த ஐயம் உண்டு. நேரில் இருந்தவர் என்பதால் மற்றவர்க்குத் தெரியாத உள்விவரம் அதில் உண்டு. நேரில் இருந்தவர் என்பதாலேயே, எட்டு மாதம் மட்டும் தலைமையில் இருந்து பெயரைக் கொடுத்துவிட்டு விலகியது சரியா என்ற கேள்வியை வேறொருவர்தான் முழு எடையோடு கேட்க முடியும். நாட்டுக்குத் தெரிந்த ஒரே முகம் போனபின், கட்சியிடம் மிஞ்சியது ஒழுங்கு என்ற சொல்லும் அதை நிறைவேற்றும் அவசரமும்தான்.

அதே 2006இல் ரெஸ் புப்ளிகா இசாமாவோடு இணைந்தது. 2003இல் இரண்டும் தனித்தனியே பெற்ற இடங்களைக் கூட்டினால் 35. 2007 தேர்தலில் இணைந்த கட்சிக்குக் கிடைத்தது 19.

ஆய்வாளர் தாகெபெராவுக்கோ அவை அறுவடை ஆண்டுகள். கட்சிகளின் அளவை முன்கூட்டிச் சொல்வது பற்றிய நூல் 2007இல் வந்தது. 2008இல் உப்சாலாப் பல்கலைக்கழகம் அரசியல் அறிவியலுக்காக வழங்கும் யோஹன் ஸ்கிட்டே பரிசு அவரைத் தேடி வந்தது. 2016இல் பன்னாட்டு அரசியல் அறிவியல் கழகத்தின் கார்ல் டாய்ச் விருதும் சேர்ந்தது. ஸ்கிட்டே என்பவர் பதினேழாம் நூற்றாண்டில், தார்த்துவும் அடங்கிய லிவோனியா என்ற பகுதியை ஆண்ட ஸ்வீடிஷ் ஆளுநர், 1632இல் தார்த்துப் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டபோது அதன் முதல் வேந்தர். தாகெபெரா 1991இல் அடித்தளமிட்ட பள்ளியின் வழிவந்த அரசியல் ஆய்வு நிறுவனமும் இன்று ஸ்கிட்டேயின் பெயரையே தாங்கி நிற்கிறது. தர்க்கத்தோடு எண்ணிப் பார்ப்பது எப்படி என்று சமூக அறிவியல் மாணவர்களுக்காக அவர் எழுதிய பாடநூல், எல்லைகள் மட்டும் தெரிந்து வேறெதுவும் தெரியாதபோது நடுவே எந்த எண்ணை ஊகிப்பது என்ற பயிற்சியைத்தான் அவர்களுக்கு முதலில் கொடுக்கிறது.